நீட்டிப்பைப் போட்டால் இணைப்பு கெடுகிறதா? நடுவில் கைவைக்கும் பெட்டியைக் கண்டுபிடிக்கும் வழி

இணையத்தில் தரவை வரிசை மாறாமல் கொண்டு சேர்க்கும் டிசிபி நெறிமுறையில் ஒரு கூடுதல் வசதியை, அதாவது நீட்டிப்பை, புதிதாக இயக்குகிறீர்கள். இரண்டு கணினிகளுக்கு நடுவே கேபிள் மட்டும் இருக்கும்போது அருமையாக ஓடுகிறது. வெளியே இணையத்தில் விட்டதும் ஓரிடத்தில் தொங்குகிறது, இன்னோரிடத்தில் இழுக்கிறது, வேறோரிடத்தில் அந்த வசதியே இல்லாதது போல ஓடுகிறது. உங்கள் நிரலில் பிழை தேடுவதற்கு முன்னால் வழியில் இருக்கும் பெட்டிகளைச் சந்தேகப்படுங்கள். நாட் (முகவரி மாற்றும் பெட்டி), ஃபயர்வால், ப்ராக்ஸி, லோடு பேலன்சர் என்று பல பெயர்களில் இருப்பவை. மொத்தமாக மிடில்பாக்ஸ் என்கிறோம். அவை ஒரு பாக்கெட்டை விழுங்கலாம், திருத்தலாம், சர்வர் மாதிரி தாமே பதில் அனுப்பலாம்.

எது நடந்தது என்பதை ஒரு முனையில் உட்கார்ந்துகொண்டு சொல்லவே முடியாது. இங்கிருந்து என்ன கிளம்பியது, அங்கே என்ன போய்ச் சேர்ந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்த ஒப்பீட்டின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

முதலில் தயார் செய்ய வேண்டியவை

மறுமுனையில் உங்கள் சொந்தக் கட்டுப்பாட்டில் ஒரு சர்வர் வேண்டும். மாத வாடகைக்குக் கிடைக்கும் சின்ன விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) போதும். ரூட் அனுமதி மட்டும் இருக்கட்டும். பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவி இரண்டு பக்கமும் ஓட வேண்டும். அடுத்தவர் சர்வர்களை நோக்கி விநோதமான பாக்கெட்டுகளைக் கொட்டாதீர்கள்; அவர்கள் லாக்கில் அது தாக்குதலாகத்தான் தெரியும்.

பதிவை நம்புவதற்கு முன் ஒரு வேலை. இன்றைய நெட்வொர்க் கார்டுகள் பெரிய துண்டாக வாங்கித் தாமே வெட்டி அனுப்பும். வருவதை ஒட்டிக் கொடுக்கும். அதனால் பதிவில் 1500 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டுகள் தெரியும். அனுப்பும் பக்கத்தில் செக்சம் தவறு என்றும் காட்டும். இதைப் பார்த்துவிட்டு “நடுவில் யாரோ பாக்கெட்டுகளை ஒட்டுகிறார்கள்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எத்டூல் கட்டளையால் இரு முனைகளிலும் இப்படி வெட்டி ஒட்டும் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும், கூடவே செக்சம் ஆஃப்லோடையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அப்புறம், பதிவைத் திறந்து காட்டும் வயர்ஷார்க், டிசிபி தரவுக்குக் கொடுக்கும் வரிசை எண்களை இயல்பாக 0இலிருந்து தொடங்குவது போலக் காட்டும். இந்த வேலைக்கு அது இடைஞ்சல். அமைப்புகளில் போய் அதை அணைத்து உண்மையான எண்களைப் பாருங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீட்டிப்போடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பல தடவை ஓட்டுங்கள். காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று என்று ஓட்டினால் நெரிசலைத்தான் அளப்பீர்கள். போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். 2011இல் மிச்சியோ ஹோண்டாவும் கூட்டாளிகளும் 24 நாடுகளில் 142 நெட்வொர்க்குகளிலிருந்து அளந்தபோது 80, 443, 34343 என்று மூன்று போர்ட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். தலையீடு அதிகம் தெரிந்தது 80இல்தான். வெப் ப்ராக்ஸிகள் உட்காரும் இடம் அது. ஆகவே 443இல் சரியாகப் போகிறது என்பதால் வழி சுத்தம் என்று அர்த்தமில்லை.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதே சோதனையை ஒரு விபிஎன் வழியாக ஓட்டுங்கள். விபிஎன்னுக்குள் சரியாகப் போய், வெளியே கெடுகிறது என்றால் இரு முனைகளும் நிரபராதிகள். ஆனால் விபிஎன் பாக்கெட் அளவைக் குறைத்துவிடும் என்பதால் கீழே வரும் பாக்கெட் அளவுப் பிரச்சினைக்கு இந்தக் குறுக்குவழி உதவாது.

அறிகுறி: நீட்டிப்பை இயக்கினால் இணைப்பே திறக்கவில்லை, அல்லது திறக்க ஒரு வினாடி கூடுதலாகிறது

அந்த “ஒரு வினாடி”யைக் கவனியுங்கள். இணைப்பைத் திறக்கக் கேட்கும் முதல் சின் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் லினக்ஸ் ஒரு வினாடி காத்திருந்து மறுபடி அனுப்பும். அப்படி மறுபடி அனுப்பும்போது பல நீட்டிப்புகளைத் தானே கழற்றிவிடும். இசிஎன் அப்படித்தான், முதல் சின்னில் கொடிகள் இருக்கும், மறு சின்னில் இருக்காது. டிசிபி ஃபாஸ்ட் ஓபனில் சின்னோடு ஏற்றி அனுப்பிய தரவும் இரண்டாம் முறை இறங்கிவிடும். பயனருக்கு “கொஞ்சம் மெதுவாகத் திறக்கிறது” என்று மட்டும் தெரியும். பதிவைத் திறந்து முதல் சின்னையும் இரண்டாவதையும் ஒப்பிடுங்கள். முதலாவது மறுமுனைக்கு வரவே இல்லை, இரண்டாவது வந்தது என்று அங்குள்ள பதிவும் சொன்னால் முடிந்தது கதை.

இசிஎன் இந்த வகையில் பழைய நோயாளி. நெரிசல் ஏற்படும்போது பாக்கெட்டைத் தொலைக்காமல் அதில் அடையாளம் போட்டு அனுப்பும் இந்த வசதி 2001இல் ஆர்எஃப்சி 3168 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. அதுவரை ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பிட்டுகளை அது எடுத்துக்கொண்டது. ஒதுக்கிய பிட் 1 ஆக வந்தால் தாக்குதல் என்று நினைத்த ஃபயர்வால்கள் சின்னை விழுங்கின, சில ரீசெட் (இணைப்பை அறுக்கும் பாக்கெட்) அனுப்பின. சாலி ஃபிளாய்ட் 2002இல் இந்தத் தேவையற்ற ரீசெட்டுகளைக் கண்டித்து ஆர்எஃப்சி 3360 எழுத வேண்டிவந்தது. அந்தப் பயம் லினக்ஸில் நெடுநாள் தங்கிவிட்டது: அங்கே இசிஎன் அமைப்பின் இயல்பு மதிப்பு 2, அதாவது யாராவது கேட்டால் சம்மதிப்பேன், நானாகக் கேட்கமாட்டேன். சோதிக்க அதை 1 ஆக்க வேண்டும்.

திறக்காமல் ரீசெட் வருகிறது என்றால் அதை அனுப்பியது யார் என்று பாருங்கள். மூல முகவரி உங்கள் சர்வருடையதாகத்தான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் டிடிஎல் எண்ணைப் பாருங்கள். சர்வரின் வழக்கமான பாக்கெட்டுகள் 52 என்ற டிடிஎல்லோடு வருகின்றன, ரீசெட் மட்டும் 61இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 64இல் கிளம்பியிருந்தால் முதலாவது 12 ரவுட்டர்களைத் தாண்டியிருக்கிறது, ரீசெட் 3ஐத்தான். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டி சர்வர் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஆரம்ப மதிப்பு 64, 128, 255 என்று மாறும், அதனால் தூரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. வேறு ஆள் என்பது மட்டும் கிட்டத்தட்ட உறுதி. மறுமுனைப் பதிவில் அந்த ரீசெட் கிளம்பிய சுவடே இல்லாவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரி, எந்த இடத்தில்? இதற்கு 2013இல் வெளியான ட்ரேஸ்பாக்ஸ் கருவியின் யோசனை அழகானது. டிரேஸ்ரூட் மாதிரியே டிடிஎல்லை 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போய் ஒரே சின்னை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ரவுட்டரும் “நேரம் கடந்தது” என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும்போது தனக்கு வந்த பாக்கெட்டின் ஒரு பகுதியை அதற்குள் மேற்கோளாக வைத்துத் திருப்பும். அந்த மேற்கோளை நீங்கள் அனுப்பியதோடு ஒப்பிட்டால், வித்தியாசம் எந்தத் தாவலில் முதலில் தலைகாட்டுகிறது என்று தெரிந்துவிடும். பாக்கெட்டுகளை உருவாக்க உதவும் ஸ்கேப்பியில் சில வரிகளில் நீங்களே எழுதிவிடலாம்.

மேற்கோளைப் படிப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. பழைய விதிப்படி ரவுட்டர் ஐபி தலைப்பையும் அதற்குப் பின் 8 பைட்டையும் திருப்பினால் போதும். அந்த 8 பைட்டில் போர்ட்டுகளும் வரிசை எண்ணும் மட்டுமே அடங்கும். நீட்டிப்புகளைச் சுமக்கும் டிசிபி ஆப்ஷன்கள் வராது. 1995இன் ஆர்எஃப்சி 1812 மொத்தச் செய்தி 576 பைட்டுக்குள் இருக்கும்வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திருப்பச் சொல்கிறது. அப்படிச் செய்யும் ரவுட்டர்தான் ஆப்ஷனைப் பற்றி சாட்சி சொல்லும். ஆகவே 4ஆவது தாவலில் ஆப்ஷன் இருந்தது, 5உம் 6உம் சுருக்கமாகத் திருப்பின, 7இல் ஆப்ஷனைக் காணோம் என்றால், குற்றவாளி 4க்கும் 7க்கும் இடையில் எங்கேயோ. அதற்கு மேல் சொல்லாதீர்கள். டிடிஎல்லும் ஐபி செக்சமும் மாறியிருப்பது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இன்னொன்று: நாட் பெட்டி தான் மாற்றிய முகவரியை மேற்கோளுக்குள்ளும் பழையபடி திருத்தி வைத்துவிடும். தன் சுவட்டைத் தானே அழிக்கும் பெட்டி அது.

இங்கே ஒரு பொய் எச்சரிக்கையும் உண்டு. சர்வர் மீது சின் வெள்ளம் வரும்போது லினக்ஸ் சின் குக்கிக்கு, அதாவது இணைப்பு விவரத்தை நினைவில் வைக்காமல் பதிலிலேயே எழுதி அனுப்பும் முறைக்கு, மாறும். அந்த நிலையில் விண்டோ ஸ்கேல், சாக் (எந்தத் துண்டுகள் வந்தன என்று சொல்லும் ஆப்ஷன்), இசிஎன் விவரங்களை டைம்ஸ்டாம்ப் ஆப்ஷனின் கடைசி பிட்டுகளில் ஒளித்து வைத்துத்தான் அது நினைவில் கொள்கிறது. டைம்ஸ்டாம்ப் இல்லாத இணைப்பில் அவை போய்விடும். சின்னுக்குச் சர்வர் தரும் பதிலான சின்-ஆக்கில் ஆப்ஷன்களைக் காணோம் என்று வழியைத் திட்டுவதற்கு முன் சர்வர் லாக்கில் சின் குக்கி செய்தி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: திறக்கிறது, ஆனால் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏற மறுக்கிறது, அல்லது ஊர்கிறது

இது விண்டோ ஸ்கேலிங் விவகாரமாக இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோ என்பது பெறுநர் இப்போது எவ்வளவு வாங்க முடியும் என்று சொல்லும் அளவு. டிசிபி தலைப்பில் அதற்கு இருப்பது 16 பிட். அதிகபட்சம் 65,535 பைட். அதைப் பெருக்கிக்கொள்ள 1992இலேயே ஓர் ஆப்ஷன் வந்தது: சின்னிலும் சின்-ஆக்கிலும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், பிறகு வரும் விண்டோ மதிப்பை அத்தனை பிட் இடப்பக்கம் நகர்த்திப் படிக்க வேண்டும்.

ஆப்ஷன் போய்விட்டதா என்பதைக் கணக்குப் போட்டே ஊகிக்கலாம். போய்வரும் நேரம் 200 மில்லிவினாடி என்றால் 65,535ஐ 0.2ஆல் வகுங்கள்: வினாடிக்குச் சுமார் 3,27,000 பைட், அதாவது 2.6 மெகாபிட். 20 மில்லிவினாடியில் இருக்கும் சர்வருக்கு 26 மெகாபிட். “ஸ்பீட் டெஸ்டில் நன்றாக வருகிறது, அமெரிக்கச் சர்வருக்கு மட்டும் 2.6க்கு மேல் வரமாட்டேன் என்கிறது” என்று ஒருவர் சொன்னால் இந்த வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். கோடு போட்டது போல அதே எண்ணில் நின்றால் கிட்டத்தட்ட உறுதி. லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையை டி, ஐ தெரிவுகளோடு ஓட்டினால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒப்புக்கொண்ட ஸ்கேல் எண்கள் தெரியும். wscale என்ற சொல்லே அந்த வரியில் இல்லாவிட்டால் ஸ்கேலிங் இல்லை.

வெறுமனே இழுப்பதோடு நின்றால் நல்லது. மோசமான வகை வேறு. 2004இல் லினக்ஸ் 2.6 வரிசையில் இயல்பாகவே பெரிய ஸ்கேல் எண்ணைச் சொல்ல ஆரம்பித்ததும், சில தளங்கள் அப்படியே தொங்கின. வழியில் இருந்த சில ரவுட்டர்கள் ஆப்ஷனை விட்டுவிட்டு அதிலிருந்த எண்ணை மட்டும் 0 ஆக்கிக்கொண்டிருந்தன. நீங்கள் 7 என்று சொல்லிவிட்டீர்கள். சர்வர் காதில் 0 என்று விழுந்தது. உங்களிடம் 65,536 பைட் இடமிருக்கிறது, அதை 7 பிட் நகர்த்தி 512 என்று எழுதி அனுப்புகிறீர்கள். சர்வர் அதை அப்படியே 512 பைட் என்று படிக்கிறது. 1,460 பைட் துண்டு ஒன்றைக்கூட அனுப்ப இடமில்லை என்று அது தயங்கித் தயங்கி நிற்கிறது.

ஆப்ஷன் முழுக்கக் காணாமல் போவதிலும் திசை முக்கியம். சின்னிலிருந்து பிடுங்கினால் சர்வர் அதைப் பார்க்கவில்லை, பதிலிலும் சொல்லாது; இரு பக்கமும் “ஸ்கேலிங் இல்லை” என்று ஒத்துப்போகும். வேகம் குறையும், அவ்வளவுதான். ஆனால் சின்-ஆக்கிலிருந்து மட்டும் பிடுங்கினால் சர்வர் உண்டு என்று நினைக்கும், நீங்கள் இல்லை என்று நினைப்பீர்கள். சர்வர் சுருக்கி எழுதிய விண்டோவை நீங்கள் அப்படியே படித்து அப்லோடில் ஊர்வீர்கள். நீங்கள் நேராக எழுதியதை அது 128ஆல் பெருக்கி உங்கள் மேல் கொட்டும். ஆகவே நான்கு பாக்கெட்டுகளைப் பக்கத்தில் வைக்க வேண்டும்: கிளம்பிய சின், சேர்ந்த சின், கிளம்பிய சின்-ஆக், சேர்ந்த சின்-ஆக். சின்னை மட்டும் ஒப்பிட்டுவிட்டு “வழி சுத்தம்” என்று எழுதும் அறிக்கைகள் நிறைய உண்டு. அவற்றை நான் பாதி அளவீடு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இதே குடும்பத்தில் இன்னொன்று. இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போது நடுவிலுள்ள ஃபயர்வால் மறுதொடக்கம் ஆகிறது, அல்லது பாதை மாறிப் புது ஃபயர்வால் வழியாகப் போகிறது. அது சின்னைப் பார்க்கவில்லை, ஸ்கேல் எண் தெரியாது. விண்டோ 64 கேபிக்குள் என்று நினைத்து, அதைத் தாண்டிய பாக்கெட்டுகளை “எல்லைக்கு வெளியே” என்று தள்ளிவிடும். கைகுலுக்கல் எந்தக் குறையுமின்றி இருக்கும், பெரிய டவுன்லோடு பாதியில் நிற்கும்.

அறிகுறி: சாதாரணமாக வேகம் நன்றாக இருக்கிறது, ஒரு பாக்கெட் தொலைந்தால் சரிந்து விழுகிறது

வரிசை எண்களைப் பாருங்கள். இதற்குத்தான் வயர்ஷார்க்கின் அந்த வசதியை அணைக்கச் சொன்னேன். சில ஃபயர்வால்கள் பாதுகாப்பு என்று தொடக்க வரிசை எண்ணை மாற்றி, ஒவ்வொரு பாக்கெட்டிலும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். தலைப்பில் உள்ள எண்ணைத் திருத்தும் பெட்டி, சாக் ஆப்ஷனுக்குள் இருக்கும் எண்களைத் திருத்த மறந்தால் தொல்லை. “இதுவரை வந்துவிட்டது, நடுவில் இது மட்டும் இல்லை” என்று பெறுநர் சொல்வது அனுப்புநருக்குச் சம்பந்தமில்லாத எண்களாகப் போய்ச் சேரும். அவர் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டு டைம்அவுட்டுக்குக் காத்திருப்பார். தொலைப்பு இல்லாதவரை சாக்குக்கு வேலையே இல்லை, அதனால் எல்லாம் நலமாகத் தெரியும்.

உறுதி செய்ய: சர்வரில் லினக்ஸின் நெட்எம் வசதியைக் கொண்டு 1% பாக்கெட்டை வேண்டுமென்றே தொலையுங்கள். சாக்கோடு ஒரு முறை, சாக் அணைத்து ஒரு முறை. அணைத்தால் வேகம் கூடுகிறது என்ற தலைகீழ் முடிவு வந்தால் இதுதான் காரணம். சாக்கை நிரந்தரமாக அணைத்து வைப்பது தீர்வல்ல. அந்த ஃபயர்வாலில் எண் மாற்றும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். ஒரே இணைப்பைப் பல பாதைகளில் ஓட்டும் மல்டிபாத் டிசிபியை வடிவமைத்தவர்கள் தரவுக்கென்றே தனி வரிசை எண் வைத்ததற்கு இந்த மாதிரிப் பெட்டிகளும் ஒரு காரணம்.

அறிகுறி: சின்னப் பக்கம் வருகிறது, பெரியது தொங்குகிறது

முதல் சந்தேகம் எம்டியூ, அதாவது ஓர் இணைப்பு ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. எஸ்எஸ்எச் உள்ளே நுழைய விடும், நீளமான பட்டியலைக் கேட்டதும் உறைந்துவிடும். வழியில் ஒரு இணைப்பு 1500ஐ விடக் குறைவாக ஏற்கிறது. “பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு” என்ற ஐசிஎம்பி செய்தியை யாரோ தடுத்துவிட்டார்கள். துண்டாக்கக் கூடாது என்ற கொடியோடு பிங்கை 1,472 பைட் சுமையில் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1,500. அது போகாமல் 1,464 போகிறது என்றால் அநேகமாக வழியில் பிபிபிஓஇ (ஒரு பிராட்பேண்ட் இணைப்பு முறை) இருக்கிறது, அதன் எம்டியூ 1,492. இங்கே ஒரு நல்ல மிடில்பாக்ஸும் உண்டு: சின்னில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) 1,460 என்று கிளம்பி 1,452 என்று சேர்ந்திருந்தால், வீட்டு ரவுட்டர் உங்களுக்கு உதவியாக அதைக் குறைத்திருக்கிறது. பாக்கெட்டைத் திருத்துவது எல்லாமே கெடுதல் இல்லை.

எம்டியூ சரியாக இருந்தும் எச்டிடிபிஎஸ் தளம் மட்டும் தொங்குகிறதா? அப்படியானால் புது வகை. 2024 ஏப்ரலில் குரோம் 124 குவாண்டம் எதிர்ப்புச் சாவிப் பரிமாற்றத்தை இயல்பாக இயக்கியது. அந்தச் சாவிப் பங்கு மட்டும் 1,216 பைட். டிஎல்எஸ்ஸின் முதல் செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகிவிட்டது. முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் வரும் என்று நினைத்து எழுதிய சர்வர்களும் பெட்டிகளும் பாதியைப் படித்துவிட்டு இணைப்பை அறுத்தன. எம்டியூ பிரச்சினையில் பெரிய பாக்கெட் மறுமுனைக்கு வராது. இதில் வழி பாக்கெட்டுகளைச் சுமக்கும், ஆனால் இரண்டாம் துண்டோடு தொங்கும் அல்லது ரீசெட் வரும். ஓபன்எஸ்எஸ்எல் 3.5இல் சாவிப் பரிமாற்றக் குழுவைப் பழைய எக்ஸ்25519 என்று மட்டும் குறிப்பிட்டு ஒரு முறை, இயல்பாக ஒரு முறை ஓட்டினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அறிகுறி: எல்லாம் ஒப்புக்கொண்டாயிற்று, பலன் மட்டும் இல்லை

இசிஎன்னில் இது சகஜம். கைகுலுக்கலில் இரு பக்கமும் சம்மதித்துவிட்டன. ஆனால் ஐபி தலைப்பில் உள்ள இரண்டு பிட்டுகளை வழியில் ஒரு ரவுட்டர் 00 ஆக்கிவிடுகிறது. பழைய சேவைவகை பைட்டை முழுதாக ஒரே அடியில் அழித்து எழுதும் அமைப்பு அது. எஸ்எஸ் வெளியீட்டில் இசிஎன் என்று இருக்கும், “இசிஎன் பார்த்தேன்” என்ற இரண்டாவது கொடி மட்டும் வராது. தொங்கல் இல்லை, பிழைச் செய்தி இல்லை, அதனால் யாரும் புகார் செய்வதும் இல்லை. நல்ல வேளையாக இடத்தைக் கண்டுபிடிப்பது இதில்தான் சுலபம்: அந்த பைட் ஐபி தலைப்பிலேயே இருப்பதால் 8 பைட் மட்டும் திருப்பும் கஞ்ச ரவுட்டரின் மேற்கோளிலும் தெரியும்.

அறிகுறி: குவிக் தொடங்கிய பிறகு சாகிறது, டிஎன்எஸ் சில பெயர்களுக்கு மட்டும் தடுமாறுகிறது

இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டிசிபிக்கு மாற்றாக யுடிபி மேல் ஓடும் குவிக் நெறிமுறை தன் தலைப்பில் பெரும்பகுதியை மறைகுறியாக்கியதே இந்தப் பெட்டிகளுக்குப் பயந்துதான். தரமாவதற்கு முன், 2016 வாக்கில், கூகுள் தன் குவிக்கின் கொடி பைட்டில் ஒரு பிட்டை மாற்றியபோது ஒரு ஃபயர்வால் வகை முதல் சில பாக்கெட்டுகளை விட்டுவிட்டு மற்றதை விழுங்கியது. தொடக்கம் வெற்றி என்று நினைத்த உலாவி டிசிபிக்கு மாறாமல் காத்திருந்தது. ஆகவே கைகுலுக்கல் முடிந்ததோடு அளவீட்டை நிறுத்தாதீர்கள், சில மெகாபைட்டாவது ஓடட்டும். சும்மா இருந்துவிட்டு மறுபடி பேசும்போது மட்டும் சாகிறதா? நாட் பெட்டியின் யுடிபி காலாவதி. குறைந்தது 2 நிமிடம் வைக்கச் சொல்கிறது 2007இன் ஆர்எஃப்சி 4787. பல வீட்டு ரவுட்டர்கள் அரை நிமிடத்தில் மறந்துவிடும்.

டிஎன்எஸ்ஸில் டிக் கட்டளையின் பஃபர் அளவை 512, 1,232, 4,096 என்று மாற்றிக் கேளுங்கள். 512 மட்டும் வேலை செய்தால் பழைய டிஎன்எஸ் எல்லையை இன்னும் காவல் காக்கும் ஃபயர்வால். 1,232 வரை வந்து 4,096இல் தொங்கினால் துண்டான யுடிபி தொலைகிறது. டிசிபி போர்ட் 53 திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அடைத்து வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

புகார் கொடுக்கும்போது

“உங்கள் ஃபயர்வால் சரியில்லை” என்று எழுதினால் “ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்” என்றுதான் பதில் வரும். முதலில் வீட்டு ரவுட்டரை எடுத்துவிட்டு நேராக இணைத்து ஒரு முறை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை ஓட்டி, தலையீடு யார் பக்கம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். விபிஎஸ் நிறுவனத்தின் தாக்குதல் தடுப்புப் பெட்டியும் சர்வருக்கு முன்னால் நின்று சின்னுக்குத் தானே பதில் சொல்லக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். மறுமுனைக்கு வேறொரு நிறுவனத்தின் சர்வரை வைத்து ஒரு முறை சோதித்தால் அது தெளிவாகும். அப்புறம் கோப்புகள்: நீட்டிப்போடும் இல்லாமலும், இரு முனைகளிலும் எடுத்த நான்கு பதிவுகள், நேர மண்டலத்தோடு நேரம், முகவரிகளும் போர்ட்டுகளும், சுத்தமாகத் திருப்பிய கடைசித் தாவல், மாறித் திருப்பிய முதல் தாவல். மாறிய அந்த ஒரு புலத்தின் பெயரையும், கிளம்பிய மதிப்பையும் சேர்ந்த மதிப்பையும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். முதல் நிலை ஆதரவில் இருப்பவர் அதைப் புரிந்துகொள்ளாவிட்டாலும், அப்படியே மேலே அனுப்ப அவருக்கு அது போதும்.